வைஃபை அறுந்து அறுந்து வருகிறதா? முதலில் கேபிளைச் செருகிப் பாருங்கள்

மறைமலைநகரிலும் கூடுவாஞ்சேரியிலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: கைப்பேசியில் வைஃபை நன்றாக வருகிறது, டெஸ்க்டாப்பில் மட்டும் நொடிக்கு நொடி அறுந்து போகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், “எங்க பக்கம் லைன் ஓகே சார்” என்கிறார்கள். மாதப் பணம் மட்டும் தவறாமல் போகிறது. கோளாறு எங்கே என்று காட்ட வாடிக்கையாளர் கையில் எதுவும் இல்லாததால்தான் இந்த இழுபறி.

அதைக் காட்ட ஒரு லேன் கேபிள் போதும். ரவுட்டரிலிருந்து நேரே கணினியில் செருகிச் சில மணி நேரம் வேலை பாருங்கள். அப்போதும் அறுந்தால் கோளாறு ரவுட்டரில் அல்லது வெளி லைனில். சீராக வந்தால், உங்கள் அறைக்குள்.

அறைக்குள் என்றால் கேபினட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வைஃபை கார்டில் ஆன்டெனா மாட்டும் சிறிய திருகுமுனைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஆன்டெனா டப்பாவிலேயே கிடக்க, அவை மொட்டையாக நிற்பது உண்டு. மாட்டியிருந்தாலும், மேசைக்கடியில் சுவரோடு ஒட்டிய இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். யூஎஸ்பி டாங்கிள் என்றால், பக்கத்து 3.0 போர்ட்டில் ஓடும் ஹார்டு டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. விடுதிகள் நெருங்கி நிற்கும் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு போன்ற இடங்களில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே நல்லது. ஆனால் அது சுவர் தாண்டினால் சட்டென மெலியும். ரவுட்டரும் கணினியும் நிரந்தரமாக ஒரே இடத்தில் இருக்கும் வீட்டில் கேபிளையே வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

கோளாறு வெளியே என்றால் உங்கள் உரிமை தொடங்குகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது போன்ற நாளில் லைன் அறுவது வேறு. வெயில் காயும் நாளிலும் வாரக்கணக்கில் இழுத்தடிப்பது வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி பிராட்பேண்ட் பழுது 3 நாளுக்கு மேல் நீடித்தால் 7 நாள் வாடகை, 7 நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகை, 15 நாளும் கடந்தால் ஒரு மாத வாடகை கழிக்கப்பட வேண்டும். புகார் எண்ணும் தேதியும் இல்லாமல் இதைக் கேட்க முடியாது. கம்பெனியின் புகார் மையத்தில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த படி செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றம் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். கூகுளில் தேடிக் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்பாதீர்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கம்பெனியின் எண்ணை உங்கள் பில்லிலிருந்து மட்டும் எடுங்கள், புகார் எண்ணை எழுதிக்கொள்ளாமல் அந்தப் பேச்சை முடிக்காதீர்கள்.