தூரிகையை வைத்துவிட்டு ஊசியை எடுத்தவர்

இந்தியாவின் முதல் ஆஸ்கர் ஒரு தையல் கலைக்குக் கிடைத்தது. அந்தக் கலை தலைமுறை தலைமுறையாகக் குவிந்து கிடந்த செம்பூர் ஸ்டூடியோ இன்று இல்லை.

2017 செப்டம்பர் 16, சனிக்கிழமை. மும்பை செம்பூரில் சயான்–டிராம்பே சாலையோரம் இருந்த ஆர்.கே. ஸ்டூடியோவின் முதலாம் எண் படப்பிடிப்புத் தளத்தில் தீப்பிடித்தது. டி.வி. நடனப் போட்டி ஒன்றுக்காகப் போட்டிருந்த செட்டில் பற்றிய நெருப்பு, தளம் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் அடங்கியது. அன்று படப்பிடிப்பு இல்லை. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ராஜ்கபூரின் மகன் ரிஷிகபூர் வேறொரு இழப்பைச் சொல்லி வருந்தினார். ஸ்டூடியோவைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், எரிந்துபோன உடைகளை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் அவருடைய ஆற்றாமை.

நர்கிஸ் காலம் தொடங்கி ஐஸ்வர்யா ராய் காலம் வரை ஆர்.கே. படங்களின் கதாநாயகிகள் உடுத்திய உடைகள், நடன நகைகள், 'மேரா நாம் ஜோக்கர்' (1970) படத்தில் கோமாளி அணிந்த முகமூடி என்று எல்லாம் சாம்பலாயின. 1948-ல் தொடங்கிய நிறுவனம் அது. பத்மினி நடித்த 'ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை' (1960), வைஜயந்திமாலா நடித்த 'சங்கம்' (1964) என்று தமிழர்களுக்கும் அதில் பங்குண்டு. சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்வரும் செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆர்.கே. ஸ்டூடியோ என்பது பஸ்ஸிலிருந்து இறங்க அடையாளம் சொல்லும் இடம். அதற்குள்ளே பெட்டி பெட்டியாகத் துணி இருந்தது என்பது எரிந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

அந்தத் துணிகளில் ஒரு பகுதிக்குப் பின்னால் இருந்தவர் பானு அதையா. ஏ.ஆர். ரஹ்மானுக்கு 26 ஆண்டுகள் முன்பே, 1983-ல், இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் விருதைக் கொண்டுவந்தவர். பெயரைச் சொன்னால் இன்றும் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட யாரென்று தெரியுமா என்பது சந்தேகம்தான்.

1929-ல் கோலாப்பூரில் பிறந்த பானுமதி ராஜோபாத்யேவுக்கு ஓவியம் குடும்பச் சொத்து. தந்தை அண்ணாசாகேப் ஓவியர். மகள் சிறுமியாக இருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். பம்பாய் வந்து ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்த பானு, 1951-ல் அங்கே தங்கப் பதக்கம் வாங்கினார். சூசா, ஹுசைன், ரஸா போன்றவர்கள் 1947-ல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழு, இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றியது என்று கலை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அந்தக் குழுவின் 1953-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பானுவின் ஓவியங்களும் தொங்கின. ஆண்களே நிறைந்திருந்த அந்த வட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண்.

அங்கேயே நின்றிருந்தால் இன்று அவர் ஓவியங்களும் கோடிகளில் விலைபோகும் பட்டியலில் இருந்திருக்கலாம். அவர் நிற்கவில்லை. பெண்கள் பத்திரிகையான 'ஈவ்ஸ் வீக்லி'க்கு உடைச் சித்திரங்கள் வரைந்துகொண்டிருந்தார். அதன் ஆசிரியர் ஆடையகம் ஒன்றைத் திறந்தபோது, "வரைவது இருக்கட்டும், தைத்துத்தான் பாரேன்" என்கிற பாணியில் ஒரு வாய்ப்பு வந்தது. காகிதத்தில் கோடாக இருந்தது துணியில் விழுந்து ஓர் உடம்பின்மேல் ஏறி நடக்கும் அதிசயம் அவரைப் பிடித்துக்கொண்டது. காமினி கௌஷல், நர்கிஸ் போன்ற நடிகைகள் தேடி வரத் தொடங்கினார்கள். தூரிகை ஓரமாகப் போனது.

இதைச் சறுக்கல் என்று பார்த்தவர்கள் அன்று இருந்திருப்பார்கள். இன்றும் இருக்கிறார்கள். சட்டத்துக்குள் மாட்டினால் கலை, உடம்பில் மாட்டினால் தையல் வேலை என்ற கணக்கு நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறிக்கிடக்கிறது. பானுவோ ஓவியத்தில் படித்த பாடத்தைத்தான் துணியில் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முதல் பெரிய சாட்சி ஆர்.கே. ஸ்டூடியோவின் 'ஸ்ரீ 420' (1955).

படத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஏழைப் பள்ளி ஆசிரியை வித்யா. இன்னொருத்தி கதாநாயகனைச் சூதாட்டத்துக்கும் பணத்துக்கும் இழுக்கும் மாயா. வித்யாவாக நர்கிஸ், மாயாவாக நாதிரா. ஆஷா போன்ஸ்லே, மன்னா டே குரல்களில் வரும் கிளப் பாட்டில் நாதிரா உடம்போடு ஒட்டிய பளபளக்கும் கவுனில், கையில் சிகரெட் குழலோடு வருவார். கவுன் பானுவின் கைவேலை. கறுப்பு வெள்ளைப் படம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். சிவப்போ தங்கமோ அங்கே உதவிக்கு வராது. வெளிச்சத்தை எந்தத் துணி வாங்கித் திருப்பி வீசும், எந்த வெட்டு உடம்பின் கோட்டைக் காட்டும் என்பது மட்டும்தான் கணக்கு. வசனம் பேசுமுன்பே மாயா யார் என்று கொட்டகையில் கடைசி பெஞ்சுக்காரருக்கும் புரிந்துவிட்டது.

பிறகு குருதத். 'சி.ஐ.டி.' (1956), 'பியாசா' (1957), 'சாகிப் பீபி அவுர் குலாம்' (1962) என்று படங்கள் வந்தன. செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானை 'கைட்' (1965) படத்தின் நாட்டியக்காரி ரோஸியாக உடுத்தியதும் பானுதான்.

ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் காட்ட ஒரு படம் போதும். 'ஆம்ரபாலி' (1966). புத்தர் காலத்து வைசாலி நகரத்தின் நாட்டிய அழகியாக, திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா நடித்த படம். அந்தக் காலத்தில் என்ன உடுத்தினார்கள் என்பதற்குத் துணியில் சாட்சி கிடையாது. இந்தத் தட்பவெப்பத்தில் பருத்தி அவ்வளவு காலம் தாங்குமா? பானு அஜந்தாவுக்குப் போனார். குகைச் சுவர்களில் இருக்கும் பெண்களின் மார்க்கச்சு, இடுப்பைச் சுற்றிய துணியின் மடிப்பு, கழுத்திலும் கையிலும் நகை உட்காரும் இடம் எல்லாவற்றையும் ஓவியரின் கண்ணோடு பார்த்துக் குறித்துக்கொண்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சுவரில் இருக்கும் பெண் அசையமாட்டாள். வைஜயந்திமாலா ஆடுவார், அதுவும் பரதம் தெரிந்த கால்களோடு. சுற்றிக் கட்டிய துணிபோலத் தெரியவேண்டும், அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்தால் அவிழவும் கூடாது. தைத்திருப்பது தெரியாமல் தைப்பது என்பது தையலில் கடினமான பாடம். படம் வசூலில் சுமார்தான். ஆனால் பிற்காலத்துப் புராணப் படங்களிலும் சீரியல்களிலும் அரசகுமாரிகள் வந்து நிற்கும்போது, அந்த உடைகளின் சாயலைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை.

அதே சூட்சுமம் 'பிரம்மச்சாரி' (1968) படத்தில் வேறு விதமாக வேலை செய்தது. ஷம்மி கபூரோடு மும்தாஜ் ஆடும் பாட்டுக்கு, உடம்பை இறுக்கிச் சுற்றிய ஆரஞ்சு நிறப் புடவை. பார்த்தால் புடவை, உள்ளே ஜிப் வைத்து முன்கூட்டியே தைத்த உடை. 'மும்தாஜ் புடவை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இன்று 'ரெடிமேட் புடவை' என்று கடைகளில் தொங்குவதைப் பார்க்கும்போது இதுவும் நினைவுக்கு வரவேண்டும்.

சினிமாவில் ஒன்று வந்தால் தெருவுக்கு வர எத்தனை நாளாகும்? பத்திரிகைப் படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போய், "கழுத்து இப்படி, கை மட்டும் கொஞ்சம் நீளமாக" என்று கேட்காத ஊர் இந்தியாவில் கிடையாது. செம்பூர், மாட்டுங்கா சந்துகளில் 'ஃபால்–பீக்கோ' போர்டு மாட்டிய சின்னக் கடைகளும் வீட்டு மூலையில் மெஷின் போட்ட பெண்களும்தான் அந்த வேலையைச் செய்துகொடுத்தவர்கள். படத்தில் ஒல்லியான நடிகைக்குப் பொருந்தியதை மூன்று பிள்ளை பெற்றவருக்குப் பொருந்தும்படி மாற்றுவதற்கு யோசனை வேண்டும். மிச்சத் துணியில் குழந்தைக்குக் கவுன், அதிலும் மிஞ்சியதில் கொலுப்படிக்கு ஓரம், பொம்மைக்குப் பாவாடை. கேட்டால், "சும்மா பொழுதுபோகத் தைக்கிறேன்" என்பார்கள். தமிழில் தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. அவ்வளவு ஒட்டிப்போனதால்தானோ என்னவோ, அதைத் தனியாக ஒரு திறமை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

செம்பூரிலிருந்து சயானைத் தாண்டினால் தாராவி. அங்கே மாடி அறைகளில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன் இருபுறமும் சம்மணமிட்டு உட்கார்ந்து ஜரிகையும் மணியும் கோக்கிறார்கள் உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த காரிகர்கள். நம் ஊர்க் கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டில் இன்று ஏறி உட்கார்ந்திருக்கும் ஆரி வேலைக்கு உறவுக்காரத் தொழில். உடை யாருடையது என்று கேட்டால் உடுத்தியவர் பெயர் சொல்வார்கள், கடையின் பெயர் சொல்வார்கள். சட்டத்தின் முன்னால் குனிந்திருந்தவர் பெயர் அதில் வராது.

பானுவுக்குப் பெயர் வந்தது என்றால் அதற்கு ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட 1893 முதல் சுட்டுக்கொல்லப்பட்ட 1948 வரை, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை. பிரிட்டிஷ்காரர்களின் உடைகளை ஜான் மோலோ பார்த்துக்கொண்டார். இந்தியர்களின் உடை முழுவதும் பானுவின் பொறுப்பு. இதைவிடப் பொருத்தமான படம் ஓர் உடைக் கலைஞருக்கு அமையாது. உடையையே அரசியலாக்கிய மனிதரின் கதை அல்லவா? கோட்டும் டையும் கட்டிய பாரிஸ்டர், 1915-ல் தலைப்பாகையோடு கப்பலிலிருந்து இறங்கிய கத்தியவார்க்காரர், 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அரை வேட்டிக்கு மாறியவர். துணி குறையக் குறைய மனிதர் பெரியவராகிக்கொண்டே போகிறார்.

கதர் நெய்வதோ வாங்குவதோ கஷ்டமில்லை. புதுத் துணி காமிராவில் புதிதாகவே தெரியும் என்பதுதான் தொல்லை. துவைத்து, தேய்த்து, டீத்தண்ணீரில் நனைத்து, வியர்வையும் வெயிலும் பட்டதுபோல ஆக்குவது உடைக்கலையில் பாதி வேலை. பல ஆண்டுகள் கழித்து 'லகான்' (2001) படத்தில், மழை பொய்த்த கிராமத்து மக்களின் உடையிலும் இதைப் பார்க்கலாம். அதற்கு அவருக்கு இரண்டாவது தேசிய விருது கிடைத்தது. முதலாவது 'லேகின்' படத்துக்கு.

1983 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸ் மேடையில் ஜான் மோலோவோடு ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார். ஊர் திரும்பி அடுத்த படத்துக்கு அளவெடுக்கப் போனார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் செய்தவர், 2010-ல் உடைக்கலையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

2012-ல் அவர் செய்த ஒரு காரியம்தான் செய்தியானது. ஆஸ்கர் சிலையை, பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லி, அமெரிக்க அகாதமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். உடல்நலம் கெட்டிருந்தது. தனக்குப் பிறகு இங்கே அது பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. சாந்திநிகேதனிலிருந்து தாகூரின் நோபல் பதக்கம் 2004-ல் திருடுபோனதை அவர் சுட்டிக்காட்டினார். நாட்டுப்பற்று இல்லை என்று முணுமுணுத்தவர்களுக்கு, ஐந்தே ஆண்டுகளில் செம்பூர்த் தீ பதில் சொன்னது. ஓர் உலோகச் சிலையாவது நெருப்புக்குச் சற்றுத் தாங்கும். பட்டும் ஷிஃபானும் எத்தனை நிமிடம் தாங்கும்? உடையை வரலாற்று ஆவணமாகக் கருதி, பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல், எண் போட்டுப் பாதுகாக்கும் வழக்கம் நம் படக் கம்பெனிகளில் வேரூன்றவே இல்லை. ஒரு படம் முடிந்தால் துணியைப் பிரித்து அடுத்த படத்துக் கூட்டத்துக்கு மாற்றித் தைப்பது சிக்கனம். அந்தச் சிக்கனத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அதில் போனது என்ன என்று எண்ணிப் பார்க்க ஒரு பட்டியலாவது இருந்திருக்கலாம்.

தீக்குப் பிறகு ஸ்டூடியோவைப் புதுப்பிப்பது கட்டுப்படியாகாது என்று 2018-ல் கபூர் குடும்பம் விற்க முடிவுசெய்தது. 2019-ல் கோத்ரெஜ் பிராபர்ட்டீஸ் வாங்கியது. சுமார் 2.2 ஏக்கர் நிலம், அடுக்குமாடிக் குடியிருப்புக்காக. பானு அதையா 2020 அக்டோபர் 15 அன்று, 91-ஆம் வயதில் மும்பையில் காலமானார்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவருடைய படைப்புகள் மும்பையில் ஏலத்துக்கு வந்தன. ஜே.ஜே. கலைப் பள்ளி நாட்களின் ஓவியங்களும் அதில் இருந்தன. ஊசிக்காக அவர் ஓரமாக வைத்துவிட்டுப் போன அந்த ஓவியங்கள், எழுபது ஆண்டுகள் கழித்தும் வண்ணம் குலையாமல் இருந்தன.