நிழற்படம் சாட்சி சொல்லுமா?

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இந்தப் பழமொழிக்கு ஒரு விலக்கு உண்டென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியர் நம்பத் தலைப்பட்டனர். அவ்விலக்கு நிழற்படம். 1839 ஆம் ஆண்டிலே டாகேர் என்பாரின் நிழற்படமுறை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஓவியனுடைய கை நடுவே புகாமல் ஒளி தானே தீட்டிக்கொள்ளும் சித்திரம் இது எனப் பலரும் வியந்தனர். மனிதன் பொய் சொல்வான். ஒளி பொய் சொல்லுமா என்பது அவர்கள் எண்ணம்.

அடுத்த ஆண்டிலேயே அவ்வெண்ணத்துக்கு ஓர் அடி விழுந்தது. இப்பொலித் பயார் என்னும் பிரெஞ்சுக்காரர் தாமும் தனியாக ஒரு நிழற்படமுறையைக் கண்டுபிடித்திருந்தார். ஆயினும் அரசின் உபகாரச் சம்பளமும் புகழும் டாகேருக்கே சென்றன. மனம் நொந்த பயார், 1840 இல், கண்களை மூடி, மேலாடையின்றிச் சாய்ந்திருந்து தம்மையே படம் பிடித்தார். அரசு கைவிட்டமையால் நீரில் மூழ்கி இறந்த பயாரின் உடல் இது என்று அப்படத்தின் பின்புறத்தில் எழுதியும் வைத்தார். உண்மையில் அவர் 1887 வரை உயிர் வாழ்ந்தார். இங்கே கமரா பொய் சொல்லவில்லை. கண்மூடிச் சாய்ந்திருந்த ஒருவரைக் கண்டது, கண்டபடி காட்டியது. பொய் இருந்த இடம் படத்தோடு சேர்ந்து வந்த சொல்லிலேதான்.

சான்று என்பதைப் பொருளாகக் கொண்டு செயற்றிட்டம் ஒன்றைச் செய்யப் புகும் மாணவர், வழிகாட்டிகளாகப் புகழ்பெற்ற நிழற்படக்காரர் சிலரைத் தேடிக் கற்பது வழக்கம். அவ்வாறு தேடும்போது அழகிய படங்களைச் சேர்த்து ஒட்டுவதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். ஆனால், ஆராய வேண்டியது படத்தின் அழகை மாத்திரம் அன்று. தம் படத்தைப் பிறர் நம்புவதற்கு அந்த நிழற்படக்காரர் என்ன செய்தார், அல்லது செய்யத் தவறினார் என்பதே முதன்மையான வினா. அவ்வினாவை மனத்திற் கொண்டு சிலருடைய வரலாற்றை நோக்குவோர்க்கு நல்ல பாடங்கள் கிடைக்கும்.

முதலாவதாக எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவரைக் கருதலாம். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பது அக்காலத்தில் அறிஞரும் குதிரைப் பிரியரும் வாதிட்ட ஒரு கேள்வி. ஊனக் கண்ணால் அதனைத் தீர்க்க இயலாது. 1877 இல் மைபிரிட்ஜ் வெளியிட்ட ஒரு குதிரைப் படத்தில் ஓவியக் கை பட்டிருந்தமையால் அது ஐயத்துக்கு உள்ளாயிற்று. 1878 ஜூன் மாதத்தில், கலிபோர்ணியாவின் பாலோ அல்ரோ என்னும் இடத்தில், அவர் வேறு வழியைக் கையாண்டார். ஓட்டப்பாதையின் ஓரத்தில் 12 கமராக்களை 27 அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்தினார். பாதைக்குக் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. குதிரை ஓடி நூலைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு கமராவும் ஒவ்வொரு படத்தைப் பிடித்தது. பின்புறத்தில் தூரத்தைக் காட்டும் கோடுகள் இருந்தன. பத்திரிகையாளர் நேரில் அழைக்கப்பட்டனர். அவர்கள் பார்த்திருக்கவே படத்தகடுகள் அவ்விடத்திற் கழுவப்பட்டன. நான்கு கால்களும் எழுவது உண்மை என்று தெரிந்தது. ஆனால், ஓவியர் தீட்டியவாறு கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் வேளையில் அன்று. அவை வயிற்றின் கீழே மடங்கிக் கூடும் வேளையிலேயே அவ்வாறு எழுகின்றன. அளவும், வரிசையும், சாட்சிகளும் கூடியதனாலேயே இரண்டாம் முறை எடுத்த படங்கள் சான்றாயின.

இனி, வரிசை தெரியாத படங்கள் எத்துணை இடர் விளைக்கும் என்பதற்கு றோஜர் பென்ரன் எடுத்த இரு படங்கள் எடுத்துக்காட்டு. 1855 இல் கிரிமியப் போர்க்களத்துக்குச் சென்ற ஆங்கிலேயர் இவர். பீரங்கிக் குண்டுகள் வந்து விழும் ஒரு பள்ளத்தாக்கை, கமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, இரு முறை படம் பிடித்தார். ஒரு படத்திற் பாதை வெறுமையாக இருக்கின்றது. குண்டுகள் ஓரத்துப் பள்ளத்திற் கிடக்கின்றன. மற்றைய படத்திற் பாதையின் மீதே குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 'மரண இருளின் பள்ளத்தாக்கு' என்னும் பெயரோடு புகழ்பெற்றது இந்த இரண்டாவது படமே. எது முந்தியது? காட்சிக்கு அச்சமூட்டும்பொருட்டுக் குண்டுகள் எடுத்துப் பரப்பப்பட்டனவா? அல்லது பாதையிற் கிடந்த குண்டுகளைப் போர்வீரர் பொறுக்கி அகற்றினரா? 2007 இல் எறொல் மொறிஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட நெறியாளர் இதனை நுணுகி ஆராய்ந்தார். குண்டுகளை அவர் சான்றாகக் கொள்ளவில்லை. சரிவிற் கிடந்த சிறு கற்களையே இரு படங்களிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தார். பாதையிற் குண்டுகள் கிடக்கும் படத்தில் அக்கற்கள் சற்றுக் கீழே உருண்டிருந்தன. கல் கீழ்நோக்கி உருளும், மேல்நோக்கி உருளாது. ஆதலின், வெறும்பாதைப் படமே முந்தியது என்ற முடிவு பெறப்பட்டது. ஆயினும், குண்டுகளை யார் எக்காரணத்தால் நகர்த்தினர் என்பதைக் கற்கள் சொல்லமாட்டா. சான்று ஒன்று எந்த எல்லை வரை பேசுகின்றதோ அந்த எல்லையில் நின்றுவிடுவதே ஆராய்ச்சியாளனுக்கு அறம்.

ஒரு சிறு மறைப்பு, உண்மையான துயரத்தையே ஐயத்துக்கு இடமாக்கிவிடும் என்பதற்கு ஆதர் றொத்ஸ்ரைன் என்பவரின் கதை சான்று. 1936 இல் அமெரிக்காவின் சமவெளிகளைக் கொடிய வரட்சி வாட்டியது. அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காகப் படம் எடுத்த றொத்ஸ்ரைன், தென் டக்கோட்டாவில் வெயிலில் வெளுத்த ஒரு மாட்டு மண்டையோட்டைக் கண்டார். வெடித்த நிலத்தில் ஒரு படம் எடுத்தார். பின்னர் அதனைப் பத்தடி தூரம் அளவில் நகர்த்தி வேறு படங்களையும் எடுத்தார். ஒரே மண்டையோடு பல இடங்களிற் காணப்படுவதை அறிந்த எதிர்க்கட்சிச் சார்பினர், வரட்சியின் செய்தியே அரசு சோடித்த கதை என்று பத்திரிகைகளிற் பேசினர். அது சனாதிபதித் தேர்தல் நடைபெற்ற ஆண்டு. வரட்சி பொய்யன்று, பயிர் கருகியதும் மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்ததும் பொய்யல்ல. ஆனால், நகர்த்தியதை நகர்த்தியதாகச் சொல்லாத குறை ஒன்று, சொல்லிய மெய்யையும் பழுதுபடுத்திற்று.

இதற்கு நேர்மாறான முறையிற் பணியாற்றியவர் லூயிஸ் ஹைன். 1874 இல் விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்த இவர், நியூயோர்க் நகரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். கமராவைக் கற்பித்தற் கருவியாகக் கையில் எடுத்து, பின்னர் அதனையே தம் வாழ்க்கைத் தொழிலாக்கிக்கொண்டார். அந்நாளில் அமெரிக்காவிற் சிறுவர் உழைப்பு மலிந்திருந்தது. 10 முதல் 15 வயது வரையான பிள்ளைகளில் 17 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் செய்வதாக 1900 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு காட்டியது. 1908 இலே தேசிய சிறுவர் உழைப்புக் குழு ஹைனைத் தன் ஆய்வாளராக அமர்த்தியது. நெசவாலை, நிலக்கரிச் சுரங்கம், மீன் பதனிடும் சாலை, பத்திரிகை விற்கும் தெரு என நாடெங்கும் அவர் சுற்றினார்.

ஆலைச் சொந்தக்காரர் அவரை இன்முகத்தோடு வரவேற்கவில்லை. ஆதலின், விவிலிய நூல் விற்பவராகவும், அஞ்சலட்டை விற்பவராகவும், இயந்திரங்களைப் படம் பிடிக்க வந்தவராகவும் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இயந்திரத்தின் அருகே ஒரு சிறுமியை நிற்கச் சொல்வார். தம் மேற்சட்டையின் ஒவ்வொரு பொத்தானும் நிலத்திலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கின்றது என்பதை அவர் முன்னரே அறிந்துவைத்திருந்தார். பிள்ளையின் தலை எந்தப் பொத்தானுக்கு நேரே வருகின்றது என்று நோக்கினால் உயரம் தெரிந்துவிடும். பெயர், வயது, வேலை செய்த காலம், வேலை நேரம் ஆகியவற்றைச் சட்டைப்பைக்குள் மறைத்து வைத்த சிறு குறிப்பேட்டிற் பிறர் காணாமல் எழுதிக்கொள்வார். தென் கரோலைனாவின் லங்காஸ்ரர் பஞ்சாலையில் 1908 நவெம்பரில் அவர் எடுத்த படத்திலே, நெடிய நூற்பு இயந்திரத்தின் முன்னே ஒரு சிறுமி நிற்கின்றாள். அவள் உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து அரை ஆண்டு ஆயிற்று என்பது ஹைன் எழுதிய குறிப்பு. படத்தை மாத்திரம் கண்டவர், யாரோ ஒரு பிள்ளை ஆலையைப் பார்க்க வந்தாள் என்று கூறித் தப்பியிருக்கலாம். 48 அங்குலம், அரை ஆண்டு என்னும் இரு அளவுகள் அந்த வழியை அடைத்துவிட்டன.

ஹைனும் பிள்ளைகளைக் கமராவின் முன் நிறுத்தியே படம் எடுத்தார். ஆயின், அவர் படங்களிற் பிள்ளைகள் நேரே பார்த்து நிற்கின்றனர்; படம் எடுப்பதற்காகவே நிற்கின்றனர் என்பது காண்போர்க்குத் தெளிவு. மறைத்தல் அங்கே இல்லை. எனினும், உண்மையை வெளிக்கொணர ஆலைக்காரரிடம் வேடம் பூண்டது முறையா என்ற வினா எழும். அது மாணவர் கூடி விவாதிக்கத்தக்க வினா. நிழற்படத்தின் ஆபத்தை ஹைன் அறியாதவரும் அல்லர். படம் பொய் சொல்லாதிருக்கலாம், ஆனால் பொய்யர் படம் எடுக்கக்கூடும் என்ற கருத்தை 1909 ஆம் ஆண்டின் ஓர் உரையில் அவரே எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கின்றார்.

அவருடைய சான்றுகள் உடனே வெற்றி பெற்றன என்று எண்ணலாகாது. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1916 இல் நிறைவேறியது. 1918 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தீர்த்தது. நிலைத்து நின்ற சட்டம் 1938 இலேதான் வந்தது. 1940 இல் ஹைன் வறுமையில் இறந்தார். ஆனால், அவருடைய 5,000 க்கு மேற்பட்ட படங்களும் குறிப்புகளும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. நூறாண்டு கடந்தும் அவற்றைச் சோதித்துப் பார்க்க இயலும். அதற்குக் காரணம் அவருடைய குறிப்பேடு.

குறிப்பை முற்றாக நீக்கிவிட்டால் என்னாகும்? லரி சுல்தான், மைக் மண்டெல் என்னும் அமெரிக்கக் கலைஞர் இருவர் இதனைச் செய்தே காட்டினர். அரச திணைக்களங்கள், காவல் நிலையங்கள், தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றின் கோவைகளிலிருந்து படங்களைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றில் 59 படங்களை, தலைப்போ விளக்கமோ இன்றி, 'சான்று' என்ற பெயரோடு 1977 இல் நூலாக வெளியிட்டனர். ஒவ்வொரு படமும் ஒரு காலத்தில் ஏதோ ஒன்றை உறுதிப்படுத்த எடுக்கப்பட்டதே. ஆயினும், சொல்லை இழந்த அப்படங்கள் இப்போது புதிர்களாக நிற்கின்றன. படம் தனித்து நின்று சாட்சி சொல்வதில்லை என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

ஆகவே, இப்பொருளில் முயலும் மாணவர் தாம் கற்கும் ஒவ்வொரு நிழற்படக்காரரிடமும் சில வினாக்களை விடுத்தல் வேண்டும். படத்தை எடுத்தவர் யார், எவருக்காக எடுத்தார்? எந்த நாளில், எந்த இடத்தில் எடுத்தார்? காட்சியிற் கை வைத்தாரா, வைத்ததைச் சொன்னாரா? படத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டது யாது? அதன் கீழுள்ள சொற்களை எழுதியவர் யார்? வேறு சான்றுகள் அதனோடு ஒத்துப்போகின்றனவா? பின்னர், தாமே எடுக்கும் படங்களுக்கும் இவ்வினாக்களுக்குரிய விடைகளை அன்றன்றே எழுதி வைத்தல் வேண்டும். தேய்ந்த படிக்கட்டையோ வற்றிய குளத்தையோ படம் பிடிக்கும் பிள்ளை, அருகே ஓர் அளவுகோலை வைத்து, நாளும் நேரமும் குறித்துக்கொண்டால், அவள் எடுத்தது சான்றாகும். அன்றேல் அது காட்சி மாத்திரமே.

எங்குமே நடவாத நிகழ்ச்சியைக் கணினி தானே புனைந்து, கண்டோர் மயங்கும் படமாகக் காட்டவல்ல காலம் இது. அதனால், இனி எந்தப் படத்தையும் நம்பலாகாது என்று சலித்துக்கொள்வோரும் உளர். எல்லாவற்றையும் நம்புவதைப் போலவே, எதனையும் நம்பாதிருத்தலும் விசாரணையைக் கைவிடுதலேயாகும். அந்தச் சலிப்பு மேலோங்கியிருப்பின், பஞ்சாலையில் நின்ற 48 அங்குலச் சிறுமிக்காக எவரும் பேசியிருக்கமாட்டார். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது விரட்டுவதற்காக அன்று, வினவுவதற்காக. நிழற்படமாகிய சாட்சியை முறையாக வினவக் கற்ற மாணவர், பிற்காலத்தில் எந்தச் செய்தியையும் தீர விசாரித்தே ஏற்பர்.