புது மீன் வந்தாச்சா? கொஞ்சம் பொறுங்க!

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறுகிறீர்கள். மடியில் மகள். அவள் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரெண்டு தங்க மீன். வீடு வந்ததும் என்ன செய்வீங்க? கவரைப் பிரித்து, தண்ணீரோடு அப்படியே தொட்டியில் கொட்டுவீங்க. குழந்தை கை தட்டும்!

மூணாம் நாள் புது மீன் மிதக்கும். பத்தாம் நாள், ரெண்டு வருஷமாக வளர்ந்த பழைய மீனும் மிதக்கும். எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. ''கண்ணு பட்டுருச்சு'' என்றார் மாமியார். கண்ணும் படலை, ஒண்ணும் படலை. அவசரப்பட்டது நான்தான்.

கவருக்குள் நடப்பது இதுதான். மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் அமிலத்தன்மை கூடும். கழிவிலிருந்து அம்மோனியாவும் சேரும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் சாதுவாக அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்தீங்களோ... வாயு வெளியேறிவிடும், அடங்கிக் கிடந்தது விஷமாக மாறும்!

அதனால் கவரை முதலில் பிரிக்காதீங்க. அப்படியே 15, 20 நிமிஷம் தண்ணீரில் மிதக்க விடுங்க. சூடு சமமாகட்டும். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீன் என்றால், பிரித்த உடனே வலையால் எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பக்கத்துக் கடையில் அரை மணிக்கு முன் வாங்கியது என்றால், பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் வீதம் நம் தண்ணீரைக் கவரில் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் பழக்கலாம். எப்படியிருந்தாலும் கவர்த் தண்ணீர் வாஷ்பேசினுக்குத்தான், தொட்டிக்கு அல்ல.

நம்ம ஊரில் இன்னொரு சங்கதியும் இருக்கு. சிறுவாணி மென்மையான தண்ணீர். போர் தண்ணீரோ கரடு. உப்புத் தண்ணியில் பழகின மீனை ஒரே நொடியில் நல்ல தண்ணிக்கு மாற்றினால் அதன் உடம்பு தாங்காது. வாங்கும்போதே, ''எந்தத் தண்ணியில வெச்சிருக்கீங்கண்ணா?'' என்று கேட்டு விடுங்க. குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைக்கணும், இல்லாவிட்டால் கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு விடணும்.

இத்தனை செய்தும் பழைய மீன் ஏன் செத்தது? அதன் உடம்பெல்லாம் பொடியுப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். புது மீனோடு வந்த ஒட்டுண்ணியின் வேலை அது. கடையில் பார்க்கும்போது புள்ளியே தெரியாது. மீனிலிருந்து உதிர்ந்து, அடியில் பெருகி, அடுத்த மீனைத் தேடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு சுற்று முடிய ஒரு வாரம்கூட ஆகாது. மார்கழிக் குளிரில் இழுத்தடிக்கும்.

ஆகவே புது மீனுக்கு மூணு வாரம் தனிக்குடித்தனம்! இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். மேலே வலை மூடி (துள்ளி விழுந்துவிடும்), உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சைப் பல நாள் முன்னதாகவே பழைய தொட்டியில் போட்டு வைத்திருங்க. அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்க. வலை, வாளி, குழாய் எல்லாம் டப்புக்குத் தனி. ஒரே வலையை இங்கேயும் அங்கேயும் விட்டால் தனிக்குடித்தனம் வைத்தும் பிரயோஜனமில்லை.

புள்ளி தெரிந்தால் மூணு வாரக் கணக்கை, கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து மறுபடி தொடங்குங்க.

ஒரு விஷயம் உங்களுக்காக. தண்ணீர் இறைக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீங்க. கையில் காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீங்க. மீன் தொட்டித் தண்ணீரில் காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்கார பாக்டீரியா ஒன்று இருக்கலாம். காயம் வழியே நுழைந்தால் சில வாரம் கழித்து விரலில் ஆறாத கட்டி வரும், குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட நேரும். அப்படிக் கட்டி வந்தால் டாக்டரிடம், ''வீட்டில் மீன் வளர்க்கிறோம்'' என்று நீங்களே சொல்லிவிடுங்க. அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

மகள் தினமும் கேட்பாள், ''எப்பம்மா பெரிய தொட்டிக்குப் போகும்?'' காலண்டரில் ஒரு வட்டம் போட்டுக் கொடுங்க.