முதல் வினாவே தெரியாவிட்டால்?

பொதுத்தேர்வுக்கு முந்திய ஞாயிறன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் எழுதுகோல்களையும் நுழைவுச் சீட்டுகளையும் பீடத்தின்முன் வைத்து மந்திரித்துக் கொடுப்பது எங்கள் பங்கில் நெடுநாளைய வழக்கம். சென்ற மார்ச்சுத் திங்களிலும் அவ்வாறே நடந்தது. பிள்ளைகள் அனைவரும் கலைந்து சென்றபின் ஒரு தாயும் மகளும் மட்டும் தூணோரம் நின்றுகொண்டிருந்தனர். தாய் கூலி வேலை செய்து பிழைப்பவர், எழுத்தறியாதவர். "சாமி, தோத்திரம். இவ தலையில கை வச்சு ஒரு செபம் சொல்லுங்க" என்றார். செபித்து முடித்ததும் அச்சிறுமி தலைநிமிர்ந்து, "சாமி, முதல் கேள்வியே தெரியலேன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூற இயலாமல் நின்றேன். ஏனெனில் அக்கேள்வியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நானே யாரிடமேனும் கேட்டிருக்க வேண்டும். எனது பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில், பெரிய கணக்குகளில் முதலாவது கணக்கு எனக்கு வசப்படவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம் என்னும் எண்ணமே எனக்கு எழவில்லை. அடித்தும் திருத்தியும் முக்கால் மணி நேரத்தை அதற்கே பலியிட்டேன். இறுதி மணி ஒலித்தபோது, நன்கறிந்த மூன்று கணக்குகள் எழுதப்படாமலேயே கிடந்தன. மயிரிழையில் தேறினேன். "படிக்கவில்லை" என்று வீட்டில் கடிந்துகொண்டார்கள். படிக்காமல் இழந்த மதிப்பெண்கள் அல்ல அவை. தேர்வு எழுதும் முறை அறியாமல் இழந்தவை. பெற்றோர் படித்திருந்த வீடுகளில் இம்முறை பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடுகிறது. ஒரு தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறும் பிள்ளைக்கோ அதைச் சொல்ல ஆளில்லை.

எனவே அச்சிறுமியையும் தாயையும் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமரச் செய்து, பழைய கணித வினாத்தாள் ஒன்றை விரித்தேன். அண்மை ஆண்டுகளின் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அடுத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 தரப்பட்டு, அவற்றுள் 10 எழுதினால் போதும். ஐந்து மதிப்பெண் வினாக்களும் அவ்வாறே 14-இல் 10. இறுதியில் எட்டு மதிப்பெண் வீதம் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. ஆக 100. "இந்தப் பதினான்கில் நான்கை விட்டுவிட உனக்கு உரிமை தந்திருக்கிறார்கள். உனக்குத் தெரியாத அந்த முதல் வினா, நீ விட்டுவிட வேண்டிய நான்கில் ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?" என்றேன். அவள் முகத்தில் தோன்றிய தெளிவை நான் மறக்கவில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அவற்றை விடுதல் ஆகாது.

காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வருகிறது. முதல் பத்து நிமிடங்கள் வாசிப்பதற்கும், அடுத்த ஐந்து நிமிடங்கள் முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்ப்பதற்கும் உரியவை. 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். அந்தப் பத்து நிமிடங்களைப் பெரும்பாலான பிள்ளைகள் அச்சத்திலேயே கழித்துவிடுகின்றனர். அந்நேரத்தில் தாளை முழுதும் ஒருமுறை வாசித்து, எவற்றை எழுதுவது, எவற்றை விடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். நெஞ்சு படபடத்தால் மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளியே விடட்டும். நான்கைந்து முறை செய்தால் கை நடுக்கம் தணியும்.

இனி நேரக் கணக்கு. 180 நிமிடங்களுக்கு 100 மதிப்பெண் என்றால், ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடங்கூட இல்லை. கணிதத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 35, ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒன்பது நிமிடம் வீதம் 90, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 25 என்று பங்கிட்டால் 165 நிமிடங்கள் ஆகும். சரிபார்க்கக் கால் மணி நேரம் எஞ்சும். ஐந்து மதிப்பெண் வினாவொன்றில் பத்தாவது நிமிடமும் கடந்துவிட்டதா? இடம் விட்டுவிட்டு எழுந்து நடக்க வேண்டியதுதான். இரண்டு பக்க விடைக்கு ஐந்து மதிப்பெண். எட்டுப் பக்கம் எழுதினாலும் அதே ஐந்துதான். வரிசைப்படி எழுத வேண்டும் என்பதும் இல்லை. நன்கறிந்ததை முதலில் எழுதி, வினா எண்ணைப் பிழையின்றி இடுவதே முக்கியம். முழுக் கணக்கும் வராவிடினும் சூத்திரத்தையும் தெரிந்த படிகளையும் எழுதி வைத்தால், படிகளுக்குரிய மதிப்பெண் கிடைக்கும். வெற்றுத் தாளுக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் இட முடியாது.

ஒரு மதிப்பெண் வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். பின்னாளில் நீட் போன்ற தேர்வெழுதுவோர் இப்பழக்கத்தை அப்படியே கொண்டுசெல்லலாகாது. அங்கே சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்பது விதி.

நம் பிள்ளைகளுக்கென ஒரு சொல். விடைத்தாளின் தலைப்பில் சிலுவைக் குறியிட்டோ 'இயேசுவே துணை' என்று எழுதியோ தொடங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய எக்குறியும் விடைத்தாளின் உட்பக்கங்களில் இருத்தல் ஆகாது. சிலுவையை நெற்றியில் வரைந்துகொள்ளுங்கள், தாளில் வேண்டாம்.

கூப்பர்த்தினோ நகர்ப் புனித சூசையப்பரைத் தேர்வெழுதுவோரின் பாதுகாவலர் என்பர். 1603-இல் இத்தாலியில் பிறந்த இவருக்குப் படிப்பு ஏறவே இல்லை. நற்செய்தியில் ஒரேயொரு பகுதியை மட்டுமே விளக்கத் தெரிந்திருந்தவரிடம், ஆயர் அப்பகுதியையே கேட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1628-இல் அவர் குருவானார். இக்கதையைக் கேட்ட பிள்ளைகள் கடையில் விற்கும் 'முக்கிய வினாக்கள்' ஏட்டை மட்டும் படித்துவிட்டு அவரிடம் மன்றாடப் புறப்படுவதுதான் என் கவலை! அது அவருக்குக் கிடைத்த அருள்; நமக்கான வழிமுறை அன்று.

வழிமுறை வேறு. 2006-ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவரில் ஒரு பகுதியினர் ஓர் உரைப்பகுதியை மீண்டும் வாசித்தனர். மற்றவர் தாளை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவில் நின்றது நூற்றுக்கு 42. மூடிவிட்டு எழுதியவர்கள் நினைவில் நின்றது 56. மீண்டும் மீண்டும் வாசிக்கையில் எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் ஒரு மயக்கம் பிறக்கிறது. தேர்வறையில் அது கலைகிறது.

இதை அந்தத் தாயிடம் இவ்வாறு சொன்னேன்: "அம்மா, ராத்திரி சோறு ஆக்கும்போது புத்தகத்தை மூடச் சொல்லி, 'இன்னிக்கு என்ன படிச்சே, சொல்லு' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. அவள் திக்கினால் 'போய்ப் பார்த்துட்டு வா' என்று அனுப்புங்கள்." அவர் சிரித்தார். "எழுதப் படிக்கத் தெரியாத நானா சாமி கேக்கறது?" "நீங்களேதான்" என்றேன்.

தேர்வுக்கு முந்திய இரவில் விழித்திருந்து படிப்பதைப் பெருமையாகப் பேசும் பெற்றோர் இன்னும் உளர். தூங்காத மூளை படித்ததையும் தொலைத்துவிடும். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு தேர்வு முடிந்து வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வினாத்தாளை ஆராய்வதும் வேண்டாம். முதலில் சோறு போடுங்கள்.

முடிவு வெளியாகும் நாளை எண்ணும்போதுதான் என் நெஞ்சு கனக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளையடுத்துச் சில பிள்ளைகள் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியை நாளேட்டில் காண்கிறோம். அவர்களுள் சிலருக்குத் தோல்வியைவிட, வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதே பெரிய வினாவாக இருந்திருக்கும். தேர்ச்சிக்கு வேண்டியது 35. அது கிட்டாதவர்க்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. அதில் தேறினால் அவ்வாண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். இச்செய்தியை முடிவு வருமுன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். முடிவு வந்தபின் சொன்னால் அது காதில் ஏறாது. பிள்ளை பேசாமல் ஒடுங்கி இருந்தால் தனியே விடாதீர்கள். அரசின் 104 என்னும் எண்ணிலும், மனநலத்துக்கான 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். இவ்விரு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் பங்கு மன்றக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே, பங்கு இல்லத்துக் கதவை இரவில் எந்நேரமும் தட்டலாம் என்றும் எழுதியுள்ளேன்.