கத்தரித் தோட்டத்து வரப்பில் ஆவாரை வளர்த்தல்

வேலூர் லாங் பஜாரிலும் அதை யடுத்த கடைத்தெருக்களிலும் காய்கறி வாங்குவோர் விரும்பித் தேடுவது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். இது 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இக்காயின் மகசூலுக்கும் தரிசில் தானே முளைக்கும் ஆவாரைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆவாரையை அறியாதார் இலர். முற்காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையே பெரிதும் பயன்பட்டது. பின்னர் வாட்டில் பட்டையும் குரோம் முறையும் வந்தபின், அச்செடியைப் பேணுவார் குறைந்தனர்.

கத்தரிப் பூவின் மகரந்தம் பையின் நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகவே வெளிப்படும். ஆவாரம்பூவின் அமைப்பும் அத்தகையதே. தச்சன்வண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, உடலை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இத்திறமை இல்லை. கத்தரி தானாகவும் ஓரளவு காய்க்கும், ஆயினும் இவ்வண்டுகள் வந்து செல்லுமாயின் பிஞ்சு மிகும், காயும் பருக்கும். கத்தரி பூவாத மாதங்களில் அவற்றிற்கு உணவளித்து அருகிலேயே நிறுத்திவைப்பது ஆவாரை.

விதைக்கும் முறை வருமாறு: நன்கு காய்ந்து பழுப்பேறிய நெற்றுக்களினின்று விதையைப் பிரித்தெடுக்கவேண்டும். விதையின் தோல் கடினமானது. அப்படியே இட்டால் பல விதைகள் முளையா. ஆகையால் கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கி விதைமேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, உப்பிய விதைகளை மறுநாள் ஊன்றுக. ஆடி, ஆவணி மழையில் வரப்பைக் கொத்தி, 3 அடிக்கு ஒரு குழியாக, அரை அங்குல ஆழத்தில் 3 விதை இடலாம். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், பிடுங்கி நடுவதினும் நேரே விதைப்பதே நலம். முளைத்தபின் குழிக்கு ஒரு செடி நிறுத்தி, முதலாண்டு மட்டும் களையெடுத்தல் போதுமானது. வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கும்.

ஆவாரம்பூவில் மகரந்தமே மிகுதி. தேன் கிடைப்பது அரிது. எனவே இடையிடையே துளசி விதையைத் தூவி, தும்பையையும் களையாது விடுதல் உத்தமம்.

வண்டுகளின் இருப்பிடத்தையும் காத்தல் அவசியம். தச்சன்வண்டு உலர்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். ஆதலால் பட்ட கட்டைகளை எல்லாம் எரித்துவிடாமலும், வரப்பு முழுவதையும் உழுதுவிடாமலும் இருத்தல் வேண்டும். ஆவாரை இலையைத் தின்னும் புழுக்கள் பெரும்பாலும் பட்டாம்பூச்சிகளுடையவை. அவற்றிற்கு மருந்து வேண்டுவதில்லை. கத்தரிக்கு மருந்து தெளிக்க நேரின், பூக்களில் வண்டு நடமாட்டம் ஓய்ந்த மாலைவேளையில் தெளிக்கவேண்டும். காலையில் தெளிப்பதால் மகசூலுக்கு உதவும் வண்டுகளே முதலில் மடியும்.

விதைக்குச் செலவில்லை, வரப்பும் தோட்டக்காரருடையதே. ஒரு பருவமழையில் சிறிது உழைப்பின், பல ஆண்டுகளுக்குப் பயன் கிட்டும்.