வளைவில் திரும்பாத அதிர்வு

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் மணலிக்குக் குழாயில்தான் வருகிறது. 1969-இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைக்குள்ளும் எங்கு பார்த்தாலும் குழாய்தான். வெப்பக்காப்பு உறைக்கு அடியில் துரு ஏறினால் கண்ணுக்குப் படாது. இத்தகைய குழாய்களுக்கென்றே ஒரு சோதனை உண்டு. ஓரிடத்தில் மட்டும் உறையைக் கழற்றி, குழாயைச் சுற்றி உணரி வளையம் மாட்டி, இரும்பின் வழியே அதிர்வை ஓடவிடுவார்கள். பல மீட்டர் ஓடும் அதிர்வு, துரு தின்ற இடத்தில் மோதி எதிரொலிக்கும். வெல்டிங்கும் எதிரொலிக்கும். எல்போ எனும் குழாய் வளைவைத் தாண்டினாலோ அலையே குலைந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பதைச் சொல்வது சிரமம்.

வளைவில் குலையாத அதிர்வு உண்டா? உண்டு, அதற்கென்றே வடிவமைத்த தகட்டில். அறுகோண வலையாக எடைகள் பதித்த தகடு அது. அடுத்தடுத்த எடைகளில் ஒன்றைச் சற்றுக் கனமாக்கினால், குறிப்பிட்ட அதிர்வெண்களைத் தகடு உள்ளே விடாது. மறுபாதித் தகட்டில் கனத்தையும் லேசையும் இடம் மாற்றிவைத்தால், அதுவும் விடாது. ஆனால் இரு பாதிகளும் சேரும் கோட்டில் மட்டும் அதே அதிர்வு ஓடும்! கோடு சட்டென்று ஒடிந்து திரும்பினாலும் அலை பெரும்பாலும் பின்வாங்காது.

இரு பாதிகளின் அலைகளையும் குறிக்கும் ஓர் எண் இருக்கிறது. ஒன்றில் நேர்க்குறி, மற்றதில் எதிர்க்குறி. தூணைச் சுற்றி முனைகளை முடிச்சிட்ட கயிற்றை எப்படி இழுத்தாலும் சுற்றின் எண்ணிக்கை மாறாதல்லவா? அதுபோல, சிறு குறைகளால் இந்த எண் மாறாது. தகடு அந்த அதிர்வெண்களுக்கு இடும் தடை விலகினால்தான் குறி மாறும். எல்லைக்கோட்டில் நடப்பது அதுவே.

இந்தக் கணக்கின் அடியில் இருப்பது வடிவியல் கட்டம்: அலையின் நிலை ஒரு சுற்று சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும்போது அதன் கட்டத்தில் (phase) மிஞ்சும் மாற்றம். அதை ஒளியில் 1956-லேயே கண்டவர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம், அப்போது அவருக்கு 22 வயது. மைக்கேல் பெரி 1984-இல் குவாண்டம் இயற்பியலில் அதைப் பொதுமைப்படுத்திய பிறகே, இயற்பியலாளர்கள் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையை உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். அவரோ 1969-லேயே மறைந்துவிட்டார்.

2015-இல் சூரிச் ஆய்வாளர்கள் 270 ஊசல்களைக் கோத்து, அதிர்வு விளிம்போரமாகவே ஓடுவதைக் கண்ணால் பார்க்கச் செய்தார்கள். இத்தகைய அலையை ஆலைக்குக் கொண்டுவருவதில் உள்ள இடைஞ்சல் அளவுதான். வலையின் அலகு அலைநீளத்துக்கு ஏற்ப இருக்கவேண்டும். ஆலையில் ஓடும் கம்ப்ரஸர்களின் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அது மீட்டர் கணக்கில் பெருத்துவிடும். ஆய்வாளர்கள் ராஜ்குமார் பாலும் மாசிமோ ரூட்ஸீனும் 2017-இல் தகட்டின் மேல் சிறு ஒத்ததிர்விகளைப் பொருத்தும் வழியைக் கணித்துக் காட்டினார்கள். அலகைச் சுருக்க இடம் தருவது அந்த வழிதான்.