பூஞ்சை மருந்தும் சிவப்பு அணுக்களும்

சென்ற மாதம் பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அன்பர் ஒரு சந்தேகம் கேட்டார். பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கும் அவருடைய நண்பருக்கு "வேலி ஃபீவர்" முற்றிவிட்டதாம். புழுதியோடு நுரையீரலுக்குள் போகிற பூஞ்சையால் வரும் வியாதி அது. ஆஸ்பத்திரியில் ஆம்போடெரிசின் ஏற்றுகிறார்கள். அடிக்கடி இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். "வியாதி நுரையீரலில். இரத்தத்தில் என்ன தேடுகிறார்கள்?" என்றார்.

எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2021 மே மாதம் திருச்சியிலிருந்து என் அக்காவும் இதைத்தான் கேட்டாள்.

அத்தானுக்கு வெகு காலமாகச் சர்க்கரை வியாதி. கொரோனா வந்து, ஸ்டீராய்டு மருந்தால் பிழைத்து வீடு திரும்பிய பத்தாம் நாள் கண்ணுக்குக் கீழே வீக்கம் கண்டது. கருப்புப் பூஞ்சை! அந்த மாதம்தான் தமிழ்நாடு அரசு அதை 1939-ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ்க் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. ஜூன் முடிவதற்குள் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் அது வந்துவிட்டது. உயர்ந்த ரக மருந்து கிடைக்கவில்லை. பழைய சாதா ஆம்போடெரிசினைத்தான் ஏற்றினார்கள். குளிரும் நடுக்கமும் கண்டன. இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் 13-லிருந்து 9-க்கு இறங்கியது. "ஏண்டா தம்பி, பூஞ்சையைக் கொல்லத்தானே மருந்து? இவர் ரத்தம் ஏன் வத்திப் போகுது?" என்று அழுதாள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

இந்த மருந்து 1950-களில் நியூ ஜெர்சியில் ஸ்க்விப் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. வெனிசுலாவின் ஒரினோகோ நதிக்கரை மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் அதைச் சுரந்தது. பூஞ்சையின் மேல்தோலில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு உண்டு. மருந்து அதைப் பற்றிக்கொண்டு தோலைப் பொத்தலாக்குகிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஒழுகிப் பூஞ்சை சாகிறது. அந்தக் கொழுப்பைப் பஞ்சு போல உறிஞ்சி எடுப்பதுதான் முக்கிய வேலை என்று 2014-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

தொல்லை எங்கே என்றால், நம் சிவப்பு அணுவின் தோலிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. எர்கோஸ்டெராலும் அதுவும் ஒரே ஜாடை. அண்ணன் தம்பி மாதிரி. மருந்து அண்ணனைத்தான் அதிகம் நாடுகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் தம்பியையும் விடுவதில்லை. சோதனைக் குழாயில் சிவப்பு அணுக்களோடு கலந்தால் முதலில் பொட்டாசியம் கசியும். இன்னும் ஊற்றினால் அணுக்கள் ஊதி வெடிக்கும். பாவம், சிவப்பு அணுவுக்கு உட்கருவே கிடையாது. புதிதாக எதையும் செய்துகொள்ள வழியில்லாமல் 120 நாள் ஓடித் தீரும் பிறவி. ஜெர்மனியில் துபிங்கன் நகர விஞ்ஞானிகள் 2009-இல் இன்னொன்று கண்டார்கள். வெடிக்காத அணுக்கள்கூட இந்த மருந்தால் சுருங்கி, உட்பக்கக் கொழுப்பை வெளியே காட்டுகின்றன. "என்னை எடுத்துக்கொண்டு போ" என்று உடம்புக்குச் சைகை காட்டும் தற்கொலை அது!

ஆனால் நோயாளியின் இரத்தம் குறைவதற்கு இது மட்டும் காரணமல்ல. உடம்புக்குள் அணுக்கள் நேரே வெடிப்பது அபூர்வம்தான். மருந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையிடம் "சிவப்பு அணு செய்" என்று சொல்லும் எரித்ரோபொய்ட்டின் அங்கேதான் சுரக்கிறது. அது குறைந்தால் புது அணுக்கள் வருவதும் குறைகிறது. அதனால்தான் ஹீமோகுளோபினோடு கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்கிறார்கள். சாதா மருந்து கொடுக்கும்போது முன்கூட்டியே உப்புநீர் ஏற்றுகிறார்கள்.

இதே குடும்பத்து நிஸ்டாட்டினை 1950-இல் நியூயார்க்கில் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் கண்டுபிடித்தார்கள். ஊசியாகப் போட்டால் ஆபத்து என்பதால் அது பூச்சாகவும் வாய்மருந்தாகவும் நின்றுவிட்டது. (படர்தாமரைக்குக் களிம்பு தடவுகிறவர்கள் பயப்படவேண்டாம். அது இரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை.)

பரிகாரம் என்னவென்றால், மருந்தைக் கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து அனுப்புவது. பூஞ்சையைச் சேரும்வரை மருந்து பெரும்பாலும் உருண்டையை விட்டு வெளியே வராது; சிவப்பு அணுவும் சிறுநீரகமும் ஓரளவு தப்பும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பல வருஷம் ஆராய்ச்சி செய்த பிமல் குமார் பச்சாவத், பிற்பாடு டில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இந்த ரகத்தை இந்தியாவிலேயே செய்யப் பாடுபட்டார். 2021-இல் எல்லோரும் தேடி அலைந்தது இந்தக் கொழுப்பு உறை மருந்தைத்தான். அதை விற்கும் கிலியட் கம்பெனியின் தலைமை அலுவலகம் குபெர்டினோவிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், ஃபாஸ்டர் சிட்டியில் இருக்கிறது. அந்த வழியாக எத்தனை முறை போயிருக்கிறேன்! அக்கா போன் செய்த அன்றுதான் அதன் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாம் வாரம் அத்தானுக்கு அந்த மருந்து கிடைத்தது. உயிர் பிழைத்தார், வலது கண் போய்விட்டது. மருந்தை நிறுத்திய சில மாதங்களில் இரத்தம் தானாக ஏறிவிட்டது.

அன்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் ஆறிப்போயிற்று. "நண்பருக்கு ஏற்றுவது சாதாவா, கொழுப்பு உறை ரகமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரத்தம் குறைகிறதென்று பயந்து நடுவில் மருந்தை நிறுத்தச் சொல்லவேண்டாம்" என்றேன். அன்றைக்கே போன் செய்வதாகச் சொல்லி எழுந்தார்.